கிழங்கும் நிலமும்: யாழ்ப்பாணக் குடாநாட்டின் பனைமுளை உணவு பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

1. பொருளும் நோக்கும்

உணவு பற்றி எமது சூழலில் எழுதப்படுவன பெரும்பாலும் இருவகைப்படும். ஒருவகை, உணவின் சத்தினையும் மருத்துவக் குணத்தினையும் எடுத்துரைப்பது. மற்றது, வழக்கொழிந்த பண்டங்களை நினைந்து ஏங்குவது. இரண்டும் தம்மளவிற் பயனுடையனவே. ஆயினும் ஓர் உணவினை யார் விளைவித்தனர், யாருடைய நிலத்தில் விளைவித்தனர், யார் அதனை விரும்பி உண்டனர், யார் வேறு வழியின்றி உண்டனர் என்னும் வினாக்களை இவ்விருவகை எழுத்துக்களும் எழுப்புவதில்லை. இவ்வினாக்கள் எழுப்பப்படாதவிடத்து உணவின் வரலாறு சமையற் குறிப்பின் நீட்சியாகவே நின்றுவிடும்.

வீட்டு வளவில் முளை விளைவித்து உண்ணும் வழக்கமே இக்கட்டுரையின் பொருளாகும். பயற்றினை நனைத்துத் துணியிற் கட்டி, முளைத்தபின் பச்சையாக உண்பது இன்று நகர்ப்புற வீடுகளில் உடல்நலம் கருதிப் பரவியுள்ளது. இப்பழக்கத்திற்கு அரண் செய்யும் நவீன அறிவும் வளத்திலிருந்து தோன்றியதன்று என்பதை முதலிற் கூறிவிடுதல் தகும். முதலாம் உலகப் போர்க்காலத்தில் இலண்டனிலுள்ள லிஸ்ரர் நிறுவகத்தில் ஹரியற் சிக், மார்கரெற் ஹியூம் ஆகிய இரு பெண் அறிவியலாளர் நடத்திய ஆய்வுகள், உலர்ந்த பருப்பு வகைகளில் இல்லாத ஸ்கர்வி நோய்த் தடுப்பாற்றல் அவை முளைக்கும்போது தோன்றுவதைப் புலப்படுத்தின. புதிய காய்கனிகள் கிட்டாத போர்முனைகளிற் படையினரின் உடல் நலிந்தமையே அவ்வாய்வுகளைத் தூண்டிற்று. இல்லாமையே அறிவுக்குத் தாயாயிற்று.

யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கே சிறப்பாக உரிய முளையுணவு பனையிலிருந்து பெறப்படுவது. பனங்கிழங்கு என்றும், அதனைப் பச்சையாகப் பிளந்து உலர்த்திய நிலையில் ஒடியல் என்றும், அவித்து உலர்த்திய நிலையிற் புழுக்கொடியல் என்றும் வழங்கப்படுவன யாவும் முளைத்த பனம்விதையின் வடிவங்களே. இவ்வுணவு குடாநாட்டின் நிலவுடைமை உறவுகளோடும் சாதியமைப்போடும் கொண்டிருந்த தொடர்பினை ஆராய்வதே எமது நோக்கம்.

2. முளையின் இயல்பு

பனம்விதை முளைக்கும் முறை தனித்தன்மை வாய்ந்தது. பெரும்பாலான விதைகளில் முளை மேனோக்கி எழுவதை நாம் காண்கிறோம். பனையிலோ வித்திலைக் காம்பு கீழ்நோக்கி நீண்டு, கருவினையே மண்ணின் ஆழத்திற்குக் கொண்டு செல்கிறது. கொட்டையினுள்ளே வித்திலையின் மறுமுனை பஞ்சுபோல் பருத்து, கடினமான உட்பருப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்து உறிஞ்சுகிறது. இவ்வாறு உறிஞ்சப்பட்ட உணவு கீழே இறங்கி, இளங்கன்றின் உறையிலையில் மாப்பொருளாகச் சேமிக்கப்படுகிறது. நாம் கிழங்கு என்பது தாவரவியல் நோக்கில் வேருமன்று, உண்மையான கிழங்குமன்று. மழையற்ற மாதங்களைக் கடப்பதற்கென இளம்பனை தனக்கெனச் சேர்த்துவைத்த கையிருப்பே அது. கொட்டையைப் பிளந்து எடுக்கப்படும் பஞ்சு போன்ற பகுதியே பூரான். சமைக்காது அப்படியே உண்ணப்படும் இதன் இனிப்பினைக் குடாநாட்டுச் சிறுவர் நன்கறிவர்.

குடாநாடு சுண்ணக்கற் பாறையின்மேல் அமைந்தது. வற்றாத ஆறு எதுவும் இங்கில்லை. வடகீழ்ப் பருவக்காற்றுக் கொணரும் மழையே நிலத்தடி நீருக்கும் ஆதாரம். பனைமுளைப் பாத்தி இக்காலநிலையோடு முற்றாகப் பொருந்தியது. ஆவணி, புரட்டாசி மாதங்களில் விழும் பனம்பழத்தின் களி பிசைந்து எடுக்கப்பட்டுப் பனாட்டாக உலர்த்தப்படும். எஞ்சிய கொட்டைகள், கொத்தி உயர்த்திய பாத்தியில் நெருக்கமாக அடுக்கப்பட்டு மண்ணால் மூடப்படும். ஐப்பசி, கார்த்திகை மழையே அதற்கு நீர்ப்பாய்ச்சல். மார்கழி முதல் மாசி வரையான காலத்திற் கிழங்கு கிண்டப்படும். மண் பொலபொலவென்று உயர்ந்திருப்பதால் ஆழத் தோண்ட வேண்டியதில்லை. கிழங்கு நீங்கிய கொட்டையோடான ஊமல் அடுப்புக்கும் கரிக்கும் பயன்படும்.

கிணற்றுநீர், துலா, எரு, உழவுமாடு ஆகிய எவையும் இப்பயிர்ச் செய்கைக்கு வேண்டியதில்லை என்பதை இங்குக் கருத்திற் கொள்ளல் வேண்டும். குடாநாட்டின் தோட்டச் செய்கையில் மூலதனமாக அமைந்தவை இவையே. புகையிலைக்கு இவை யாவும் வேண்டும். பனைமுளைக்கு வேண்டியன சிறிது மண்ணும், மழையும், விழுந்த பழத்தைப் பொறுக்கும் கைகளும் மட்டுமே.

3. புறநானூற்றுச் சான்று

பனைமுளையை உண்ணும் வழக்கம் தமிழ்நிலத்தில் மிகத் தொன்மையானது என்பதற்குப் புறநானூற்றின் 225ஆம் பாடல் சான்றாகும். சோழன் நலங்கிள்ளி இறந்தபின் ஆலத்தூர் கிழார் பாடிய கையறுநிலைப் பாடல் அது. அம்மன்னனின் படை எத்துணைப் பெரிது என்பதைப் புலவர் பனையைக்கொண்டே அளக்கிறார். படையின் முன்னணியிற் சென்றோர் நுங்கினை உண்டனர். நடுவே சென்றோர் பழத்தினை உண்டனர். இறுதியிற் சென்றோர் சுட்ட கிழங்கினை உண்டனர். முன்னணி சென்ற இடத்திற்குப் பின்னணி வந்து சேர்வதற்குள் நுங்கு பழமாகி, பழம் முளைவிட்டுக் கிழங்காகிவிடுகிறது. காலத்தின் நீளம் படையின் நீளமாகிறது.

இப்பாடலில் வரும் கடையோர் என்பது படையில் வகித்த இடத்தைக் குறிப்பதேயன்றிச் சமூகப் படிநிலையைக் குறிப்பதன்று. அதனை நேரடியாக வர்க்கச் சான்றாக வாசித்தல் இயந்திரப் பாங்கான வாசிப்பாகும். எனினும் இரு செய்திகளை நாம் ஐயமின்றிப் பெறலாம். ஒன்று, கேட்போர் விளக்கமின்றியே உணர்ந்துகொள்ளக்கூடிய அளவுக்கு நுங்கு, பழம், கிழங்கு என்னும் பருவ வரிசை மக்கள் வாழ்வில் ஊறியிருந்தது. மற்றையது, அவ்வரிசையில் முளை இறுதி உணவாக நின்றது. மென்மையும் இனிமையும் முந்தியோர்க்கு. நாரும் தும்பும் பிந்தியோர்க்கு. பாடலில் காலத்தால் வந்த இவ்வரிசை, பிற்காலத்து யாழ்ப்பாணத்தில் உடைமையால் வந்த வரிசையாக உருப்பெற்றதெவ்வாறு என்பதே இனி ஆராயத்தக்கது.

4. நட்டவன் பங்கும் நிலமற்றவன் பாத்தியும்

வில்லியம் ஃபெர்குசன் என்பார் 1850இல் பனை பற்றித் தனிநூலொன்றினை வெளியிட்டார். கும்பகோணத்து அருணாசலம் என்பார் பாடிய தாலவிலாசம் என்னும் தமிழ்ச் செய்யுள் நூல் பனையின் பயன்களை 801 எனக் கணக்கிடுவதை அவர்வழி உலகம் அறிந்தது. அன்று முதல் இன்று வரை பனை பற்றிப் பேசுவோர் யாவரும் இவ்வெண்ணை எடுத்தாளுகின்றனர். பயன்களின் எண்ணிக்கை மரத்தின் சிறப்பைக் காட்டும். எப்பயன் எவரைச் சேர்ந்தது என்னும் கணக்கே சமுதாயத்தின் அமைப்பைக் காட்டும். அக்கணக்கு எழுதப்படவில்லை.

அதனை எழுத முற்படுவோர்க்குத் தேசவழமை முதன்மையான ஆவணமாகும். ஒல்லாந்தர் ஆட்சியில், ஆளுநர் சைமன்சின் பணிப்பின்பேரில் கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்த இச்சட்டக் கோவை, சீதனம், முதுசம், ஈடு, நிலம், மரம், அடிமை ஆகிய யாவற்றையும் ஒருங்கே பேசுகிறது. மரமும் மனிதரும் ஒரே கோவையில் உடைமைகளாக இடம்பெறுகின்றனர். பனைமரம் ஏறிய நளவரும் வயலிலும் தோட்டத்திலும் உழைத்த பள்ளரும் அடிமைநிலைக்கு உட்பட்ட சாதியினராயிருந்தனர். 1844இல் பிரித்தானிய ஆட்சி இலங்கையில் அடிமை முறையைச் சட்டத்தால் ஒழித்தது. ஆளை விடுவித்த சட்டம் அவர் நின்ற நிலத்தை அவருக்கு வழங்கவில்லை. குடியிருந்த வளவு உடையவருக்குரியதாகவே இருந்தது. அங்கு நின்ற பனையும் அவருக்குரியதே.

தேசவழமையில் எமது பொருளோடு நெருங்கிய விதியொன்று உண்டு. பிறருடைய நிலத்தில் இசைவு பெற்றுப் பயன்தரு மரம் நட்டவருக்கு அதன் விளைவிற் பங்குண்டு என்பது அது. நடுதல் உரிமையைப் பிறப்பிக்கிறது என்னும் கருத்து இதனுள் அடங்கியுள்ளது. இதனாலேயே, குடியிருப்போன் மரம் நடுவதை உடையவர் எளிதில் விரும்பியிருக்க முடியாது எனக் கருதுதல் பொருந்தும். பனை பயன்தரப் பதினைந்து, இருபது ஆண்டுகள் செல்லும். தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் செத்தான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் செத்தான் என்னும் வழக்கு இதனையே சுட்டுகிறது. எழுப்பப்படலாம் என்னும் அச்சத்தோடு வாழும் குடிக்கு இருபது ஆண்டு என்பது பொருளற்ற கால அளவாகும்.

இவ்விடத்திலேயே முளைப்பாத்தியின் சமூகத் தர்க்கம் தெளிவாகிறது. பாத்தி என்பது மரமாகவிடாது நிறுத்தப்பட்ட பனை. நான்கு மாதத்தில் அது பலன் தந்து மறைந்துவிடும். நிலத்தில் வேர்கொள்வதில்லை, ஆகவே உரிமையும் கொள்வதில்லை. உடையவருக்கு அது அச்சுறுத்தலாகாது. உடைமையற்றவருக்கு அது ஒரு பருவத்தின் உணவாகும். நிலத்தில் நிலைக்கும் உரிமை மறுக்கப்பட்டோர், நிலைக்காத பயிர் ஒன்றினைத் தமதாக்கிக்கொண்டனர். உடையோரும் தம் வளவுகளிற் பாத்தி இட்டனர் என்பது மெய்யே. ஆனால் அவர்க்கு அது பலவற்றுள் ஒன்று. நெல்லும் புகையிலைக் காசும் உள்ள வீட்டில் ஒடியல் இடையுணவு. அவை இல்லாத வீட்டில் அதுவே சோறு.

பாத்திக்கு வேண்டிய கொட்டைக்கு ஆதாரம் விழுந்த பழம். அதனைப் பொறுக்கும் உரிமை எவருடையது என்னும் வினா எளியதாகத் தோன்றலாம். இளைஞரான கார்ள் மார்க்ஸ் 1842இல் ரைனிஷ் ஸைற்றுங் பத்திரிகையில் எழுதிய கட்டுரைகள் இவ்வினாவின் ஆழத்தை உணர்த்துவன. காட்டில் உதிர்ந்து கிடக்கும் சுள்ளியை ஏழைகள் பொறுக்குவதைத் திருட்டு எனச் சட்டமாக்க ரைன் மாநில மன்றம் முற்பட்டபோது, மரத்திலிருந்து பிரிந்து விழுந்தது உடைமையிலிருந்தும் பிரிந்துவிட்டது என்றும், அதனைப் பொறுக்குவது ஏழைகளின் வழக்குரிமை என்றும் அவர் வாதிட்டார். ஏழைச் சிறுவர் காட்டுப் பழம் பறிக்கும் வழக்கத்தையும் அவர் அதனோடு சேர்த்து நோக்கினார். பொருளியற் பிரச்சினைகளின்பால் அவரது சிந்தனை திரும்புவதற்கு அவ்விவாதமும் ஒரு தூண்டுகோலாயிற்று.

குடாநாட்டில் விடியற்காலையிற் பனந்தோப்பில் விழுந்த பழம் பொறுக்குவோரை வேறோர் உறவு கட்டுப்படுத்திற்று. பொறுக்குதல் உரிமையாக அன்றி உடையவரின் இசைவாகவே கருதப்பட்டது. வேலி அடைப்பு, தோட்ட வேலை, கொண்டாட்டங்களிலும் இழவிலும் செய்யும் கடமை ஆகியவற்றுக்குக் கைம்மாறாக நின்ற சலுகைகளுள் அதுவும் ஒன்று. காசாக அளக்கப்படாத கூலியின் ஒரு பகுதி பனம்பழமாக மரத்திலிருந்து விழுந்தது எனலாம். சலுகை என்பது மீளப்பெறத்தக்கது. பணிய மறுத்தவருக்கு வேலி அடைக்கப்படும்.

5. பச்சையும் புழுக்கலும்

கிண்டிய கிழங்கினைப் பச்சையாகப் பிளந்து வெயிலிற் காயவிட்டால் ஒடியல். அவித்து, தோலும் தும்பும் நீக்கிக் காயவிட்டால் புழுக்கொடியல். இவ்விரண்டுக்குமிடையிலான வேறுபாடு சுவை சார்ந்தது மட்டுமன்று. அவித்தலுக்கு விறகும் பெரிய பாத்திரமும் நேரமும் வேண்டும். ஒடியலுக்கு வெயில் போதும். புழுக்கொடியல் தேங்காய்ச் சொட்டோடும் பனங்கட்டியோடும் மென்று சுவைக்கப்படுவது. ஒடியல் உரலில் இடிக்கப்பட்டு மாவாகிப் பிட்டாகவும் கூழாகவும் வயிற்றை நிரப்புவது. ஒரே முளை, ஒன்று தின்பண்டமாகவும் மற்றது பிரதான உணவாகவும் பிரிந்தமை இவ்வாறே.

கொட்டை அடுக்குதல், கிண்டுதல், பிளத்தல், காயவைத்தல், இடித்தல், அரித்தல் என்னும் தொழிற்றொடரிற் பெரும்பகுதி பெண்களின் உழைப்பு. அவ்வுழைப்பு வளவின் எல்லைக்குள் நிகழ்ந்தமையால் உற்பத்தியாகவே கருதப்படவில்லை. சீவற்றொழிலுக்கு வரி விதித்த ஆட்சிகளின் கணக்கேடுகளிலே கள்ளுக்கு இடமுண்டு. பனைமரங்களை வெட்டி ஏற்றுமதி செய்த ஒல்லாந்தர் கணக்கிற் கைமரத்திற்கும் சலாகைக்கும் இடமுண்டு. உரலுக்குள் இடிபட்ட ஒடியலுக்கு எந்தக் கணக்கேட்டிலும் இடம் வைக்கப்படவில்லை. சந்தைக்கு வந்தது வரலாற்றுக்கும் வந்தது. வீட்டில் உண்ணப்பட்டது வரலாற்றிலிருந்தும் உண்ணப்பட்டுவிட்டது.

இவ்வுழைப்பினுள்ளே ஓர் அறிவு மரபு பொதிந்திருந்தமையை நாம் கவனித்தல் வேண்டும். ஒடியல் மா இயல்பிற் கைப்புடையது. அதனை நீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை வடித்து, மீளவும் நீர்விட்டு வடித்துப் பிழிந்த பின்னரே பிட்டு அவிப்பர். இதனைச் சுவை கருதிய செய்கை என்றே பலரும் கொள்வர். 1971இல் பேராதனையைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர், பனைமாவினை உண்ட எலிகளில் ஈரல் முதலிய உறுப்புகளிற் பாதிப்பு ஏற்பட்டமையை அறிவித்தனர். அதன்பின் பனைமாவிலுள்ள கைப்புப் பொருள்கள் பற்றிப் பல ஆய்வுகள் நிகழ்ந்துள்ளன. எலிகளிற் கண்டதை அவ்வாறே மனிதருக்கு ஏற்றிக் கூறுதல் தகாது. எனினும், ஊறவிடுதல், வடித்தல், ஆவியில் அவித்தல் என்னும் வரன்முறை, தலைமுறை தலைமுறையாக உண்டு பார்த்து உணர்ந்தோர் வகுத்த பாதுகாப்பு நெறியாகவும் இருக்கலாம் என எண்ண இடமுண்டு.

பச்சையாக உண்பதே இயற்கை, சமைத்தல் சத்தினை அழிப்பது என்னும் கொள்கை இன்று பலரால் மொழியப்படுகிறது. பூரானைப் பச்சையாக உண்டவர்களும் ஒடியல் மாவைப் பன்முறை ஊறவைத்து வடித்தவர்களும் ஒரே பெண்கள்தாம். எதனைப் பச்சையாக உண்ணலாம், எதனை உண்ணலாகாது என்னும் பாகுபாட்டினை அவர்கள் கொள்கையிலிருந்து பெறவில்லை, உழைப்பிலிருந்து பெற்றனர். இயற்கையோடு இயைந்த வாழ்வு என்பது இயற்கையை அப்படியே விழுங்குவதன்று. உழைப்பால் அதனை மாற்றிக்கொள்வதாகும்.

6. பஞ்சமும் பெருமையும்

ஒடியல் அனைவருக்கும் பொதுவான உணவாகும் காலங்கள் நெருக்கடிக் காலங்களே. 1942இல் பர்மா யப்பானியர் வசமாகி அரிசி இறக்குமதி தடைப்பட்டபோது, பங்கீட்டு அரிசியை நம்பிய வீடுகளில் ஒடியல் மாவின் மதிப்பு உயர்ந்தது. 1970 முதல் 1977 வரை உணவு இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலம் வேறொரு முரண்பாட்டினைக் காட்டிற்று. வெங்காயமும் மிளகாயும் செய்த தோட்டக்காரர் செழித்தனர். தோட்டமில்லாதோர் மரவள்ளியையும் ஒடியலையும் நம்பினர். ஒரே கொள்கை ஒருவருக்குக் கல்வீட்டையும் மற்றவருக்குக் கூழையும் அளித்தது. 1978இற் பனை அபிவிருத்திச் சபை தோன்றியபோது, பனம்பொருள் அரச திட்டமிடலின் பொருளாயிற்று.

1990இல் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடை குடாநாடு முழுவதையும் பனையடிக்குத் திருப்பிற்று. எரிபொருளும் சீனியும் அரிசியும் அரிதான அவ்வாண்டுகளில், ஒடியற் பிட்டை முன்னர் இழிவாக எண்ணிய வீடுகளும் அதனை அவித்தன. அதே போர்க்காலத்திற் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமெனப் பெருந்தொகையான பனைகள் தறிக்கப்பட்டன. பனையை உண்டு தப்பிய மக்களுக்குப் பனையே இல்லாத வெளிகள் எஞ்சின. 1995 ஒக்டோபரிலே வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது பாத்திகள் கிண்டுவாரின்றிக் கிடந்தன. கிண்டப்படாத பாத்தி வடலியாகும் என்பது மட்டுமே அதிலுள்ள ஆறுதல்.

இன்று ஒடியற் கூழ் யாழ்ப்பாணத்தின் அடையாள உணவாகப் போற்றப்படுகிறது. மீனும் இறாலும் நண்டும் பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் நிறைந்த கூழ், பனையோலைப் பிளாவில் வார்க்கப்படாவிடினும், இலண்டனிலும் ரொறன்ரோவிலும் ஒன்றுகூடல்களின் நடுநாயகமாக விளங்குகிறது. இது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் பெருமை என்பது மறதியின் மற்றொரு பெயராகிவிடலாகாது. கூழ் யாவரையும் ஒரு பானையைச் சுற்றி அமர்த்தும் என்று கூறுவோர், நெடுங்காலம் அப்பானையைச் சுற்றி யாவரும் அமர்ந்ததில்லை என்பதனையும் கூறுதல் வேண்டும். தேநீர்க்கடையிற் சமமாக அமர்வதற்கும் கோயில் வாயிலைக் கடப்பதற்கும் 1966இலும் 1968இலும் சுன்னாகத்திலும் மாவிட்டபுரத்திலும் போராட வேண்டியிருந்த சமுதாயம் இது. கே. டானியலின் பஞ்சமர் நாவல் 1972இல் வெளிவந்தபோது, ஒடுக்கப்பட்டோர் ஈழத்து நாவலின் நடுவிடத்தைப் பெற்றனர். இலக்கியத்தில் அவர்கள் பெற்ற இடத்தினை உணவு வரலாறு இன்னும் அவர்களுக்கு அளிக்கவில்லை.

ஓர் உணவு மரபுரிமையாக அறிவிக்கப்படும்போது அதனை உருவாக்கியோர் மரபற்றவராக்கப்படும் அபாயம் உண்டு. ஒடியலைப் பொறுத்தவரை, நாம் இரண்டு பணிகளைச் செய்தல் வேண்டும். முதலாவது, பாத்தி போட்டும் ஒடியல் இடித்தும் வாழ்ந்த முதிய பெண்களின் வாய்மொழிச் சான்றுகளைத் தொகுத்தல். எந்த மண், எத்தனை முறை நீர் வடித்தல், எவ்வளவு வெயில், யாருடைய வளவு, என்ன கைம்மாறு என்னும் யாவும் பதியப்படல் வேண்டும். சொல்ல வல்லோர் நாளாந்தம் குறைந்து வருவதால் இப்பணி பின்போடத்தக்கதன்று. இரண்டாவது, பனை மீள்நடுகை பற்றிய பேச்சிலே நிலம் பற்றிய வினாவினை மீண்டும் எழுப்புதல். யாருடைய காணியில் நடுவது, நட்டவருக்கு என்ன பங்கு என்று தேசவழமை கூடத் தன் காலத்திற் கேட்டது. இக்காலத்து நடுகைத் திட்டம் எதுவும் அதனைக் கேளாது விடலாகாது.

பனைமுளையைப் பச்சைக் காணியில் வளர்ந்த பஞ்ச உணவென்று இரங்குவதும், மூதாதையரின் அமுதமென்று ஏத்துவதும் வரலாற்றுக்கு ஒப்பாதன. உடைமையற்றோர் தமக்கு விடப்பட்ட சிறிது மண்ணையும் விழுந்து கிடந்த விதையையும் தம் அறிவாலும் உழைப்பாலும் உணவாக்கிய செயல் அது. நுங்கையும் பழத்தையும் உண்டோரின் பெயர்கள் பலவாறு எழுதப்பட்டுள்ளன. கிழங்கு கிண்டியோரின் வரலாறு இனித்தான் எழுதப்படல் வேண்டும்.